செம்பில் நின்ற ரோம்

ரோம் நகரின் பலத்தீன் குன்று தென்கிழக்கே சரிந்து இறங்கும் இடத்தில், கி.பி. 203-இல் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் மூன்றடுக்குக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். அதன் பெயர் செப்டிசோடியம். குடியிருக்கக் கட்டியது அல்ல அது. வரிசை வரிசையாகத் தூண்கள் நிறுத்திய ஒரு பிரம்மாண்ட முகப்பு. ஆப்பிய நெடுஞ்சாலை வழியாக நகருக்குள் வருகிறவர்களின் கண்ணை நிறைக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அது மெல்ல மெல்லச் சரிந்து, 16-ஆம் நூற்றாண்டில் ஒரு மூலை மட்டும் மூன்றடுக்கும் குலையாமல் நின்றது. 1588-89-இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் அதையும் இடிக்கச் சொன்னார். கட்டடக் கலைஞர் தொமெனிக்கோ ஃபொந்தானா அதைப் பிரித்தெடுத்துக் கற்களைப் புதிய வேலைகளுக்கு அனுப்பினார். மார்க்கஸ் அவுரேலியஸ் தூணைப் பழுதுபார்த்ததில்கூட அந்தக் கற்கள் சேர்ந்தன.

அந்த மூலை எப்படி இருந்தது என்பது இன்று நமக்கு நன்றாகவே தெரியும். இடிப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1532 முதல் சில ஆண்டுகள் ரோமில் தங்கிய டச்சு ஓவியர் மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் அதைப் பேனாவால் வரைந்து வைத்தார். ஆன்ட்வெர்ப் நகரப் பதிப்பாளர் ஹியரோனிமஸ் காக் 1551-இல் ரோமானிய இடிபாடுகளை வரிசையாக அச்சிட்டு வெளியிட்டார். பிரெஞ்சுக்காரர் எத்தியன் டூபெராக் 1575-இல் தம் படத்தொகுதியைக் கொண்டுவந்தார். இந்தத் தாள்களை வைத்துத்தான் தொல்லியலாளர்கள் செப்டிசோடியத்தின் மேலடுக்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள். கல் போய்விட்டது, தாள் இருக்கிறது. பண்டைய ரோமின் பொதுச்சதுக்கமான ஃபோரத்தை ஒட்டிய நெர்வா சதுக்கத்தின் மினர்வா கோவிலுக்கும் இதே கதிதான். போப் ஐந்தாம் பவுல் 1606-இல் அதை இடித்து, அதன் பளிங்கைத் தாம் கட்டிய பெரிய நீரூற்றுக்குக் கொண்டுபோனார். அந்தக் கோவிலின் முகத்தையும் டூபெராக்கின் அச்சுப்படம்தான் நமக்குக் காட்டுகிறது.

இப்போது அந்தப் படங்களின் நகல்கள் சுவரில் மாட்டுவதற்காக உலகெங்கும் விற்கின்றன. ஹோட்டல் முகப்பறைகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் கட்டடக் கலைஞர்களின் வீடுகளிலும் அவற்றைப் பார்க்கலாம். பார்ப்பவர்கள் பெரும்பாலும் அழகைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அவை அழகானவைதாம். ஆனால் அவை அளவுக் கருவிகளும்கூட. எந்த ஆண்டில் மண் எந்த உயரத்துக்கு ஏறியிருந்தது, எந்த வளைவு விழுந்திருந்தது, எந்தச் சுவரில் எந்த மட்டத்துக்குச் செடி முளைத்திருந்தது என்பதையெல்லாம் அவற்றிலிருந்து படித்தெடுக்க முடியும். அப்படிப் படிக்க, படம் எப்படி உருவானது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். உலோகம், அமிலம், மை, காகிதம் நான்கும் சேர்ந்து செய்த பொருள் அது.

இந்தக் கலையின் உச்சம் ஜொவான்னி பத்திஸ்தா பிரானேசி. 1720-இல் வெனிஸ் அருகே பிறந்தவர். தந்தை கல்தச்சர். தாய்மாமன் மத்தேயோ லுக்கேசி வெனிஸ் அரசின் நீர்த்துறையில் பொறியாளர். கடலுக்கு எதிராகச் சுவர் எழுப்புவது எப்படி, நீருக்கடியில் அடித்தளம் போடுவது எப்படி என்பதையெல்லாம் சிறுவயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர் பிரானேசி. 1740-இல் வெனிஸ் தூதரின் பரிவாரத்தோடு ரோம் வந்தார். அங்கே ஜுசெப்பே வாசியின் பட்டறையில் செம்புத் தகட்டில் அமிலத்தால் படம் அரிக்கும் எட்சிங் கலையைக் கற்றார். 1748-ஐ ஒட்டித் தொடங்கி 1778-இல் இறக்கும்வரை ‘ரோம் காட்சிகள்’ என்ற வரிசையை வெளியிட்டுக்கொண்டே இருந்தார்; அதில் மட்டும் 135 தகடுகள் அவர் கையால் ஆனவை. 1756-இல் வந்த ‘ரோமானியத் தொன்மைகள்’ நான்கு பெரிய தொகுதிகள், ஏறத்தாழ 250 தகடுகள். வாழ்நாள் முழுவதும் சேர்த்தால் ஆயிரத்தை நெருங்கும். ஒரு மனிதர் செய்யக்கூடிய வேலையா என்று மலைக்க வைக்கும் எண்ணிக்கை.

தகட்டு வேலை இப்படி நடக்கும். வழவழவென்று மெருகேற்றிய செம்புத் தகட்டைச் சூடாக்கி, அதன்மேல் தேன்மெழுகும் பிசினும் நிலக்கீலும் கலந்த பூச்சை மெல்லிய படலமாகத் தடவுவார்கள். பிறகு தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து, எரியும் மெழுகுத்திரிகளின் புகையைக் காட்டுவார்கள். பூச்சு கரிய நிறமாகிவிடும். அந்தக் கறுப்பின்மேல் எஃகு ஊசியால் கீறினால், கீறிய இடத்தில் செம்பு பளிச்சென்று தெரியும். ஊசி உலோகத்தை வெட்டுவதில்லை, பூச்சை மட்டும் விலக்குகிறது. ஆகவே கை தாளில் ஓடுவதுபோலத் தடையில்லாமல் ஓடும். உளியைத் தள்ளிச் செதுக்கும் பழைய முறையில் இந்த வேகமும் நடுக்கமும் வராது. சரிந்த செங்கல், உதிர்ந்த சுண்ணம், விரிசலில் தொங்கும் கொடி ஆகியவற்றை எட்சிங் ஊசி தன் இயல்பிலேயே நன்றாகச் சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒழுங்கான கோடு சிதைவுக்குப் பொருந்தாது.

இனி வெட்டும் வேலையை அமிலம் செய்யும். நைட்ரிக் அமிலத்தை நீரில் கலந்து தகட்டின்மேல் ஊற்றினால், பூச்சு விலகிய கோடுகளில் மட்டும் அமிலம் செம்பைத் தொடும். மூன்று செம்பு அணுக்களும் எட்டு நைட்ரிக் அமில மூலக்கூறுகளும் சேர்ந்து செம்பு நைட்ரேட், நீர், நைட்ரிக் ஆக்சைடு வாயு என மாறும். செம்பு நைட்ரேட் கரைந்து கரைசலை நீலப்பச்சையாக்கும். வாயு குமிழ்களாக எழும். காற்றைத் தொட்டதும் பழுப்பு நிற நைட்ரஜன் டைஆக்சைடாக மாறும், நுரையீரலுக்குக் கேடு. குமிழ் ஒரே இடத்தில் தங்கினால் அந்த இடத்தில் அமிலம் செம்பைத் தொடாது, கோடு அறுந்துபோகும். அதனால் பறவையின் இறகால் குமிழ்களை ஓயாமல் வருடி விலக்குவார்கள். வினை நடக்கும்போது வெப்பமும் வெளிப்படும், வெப்பம் ஏறினால் வினை வேகமெடுக்கும், வேகம் மேலும் வெப்பம் தரும். கவனம் தப்பினால் பூச்சே உரிந்து தகடு பாழ். வினிகர், உப்பு, நவச்சாரம், செம்புக் களிம்பு கலந்த சற்று மந்தமான கரைசல் ஒன்றையும் அக்காலக் கலைஞர்கள் பயன்படுத்தினார்கள். ஆப்ரஹாம் போஸ் 1645-இல் பாரிசில் வெளியிட்ட கையேடு இந்தச் செய்முறைகளை விரிவாகச் சொல்கிறது. இன்றைய பட்டறைகள் பல ஃபெரிக் குளோரைடுக்கு மாறிவிட்டன. அதில் வாயு வெளிவராது.

பிரானேசியின் தனித்திறம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. சில நிமிடம் அரித்ததும் தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, மெலிதாக இருக்க வேண்டிய கோடுகளை வார்னிஷ் பூசி மூடிவிடுவார்; தொலைவில் உள்ள குன்று, வானம், மேகம் இவையெல்லாம் அதோடு முடிந்தன. மிச்சம் மறுபடி அமிலத்துக்குள் போகும். நடுத்தரத் தொலைவு முடிந்ததும் அதையும் மூடுவார். கடைசியில் முன்னால் நிற்கும் தூணின் நிழலும் வளைவின் உட்புறமும் மட்டும் திறந்திருக்கும். அவை நீண்ட நேரம் அமிலத்தில் ஊறும். அமிலம் கீழ்நோக்கி மட்டும் அரிப்பதில்லை, பக்கவாட்டிலும் தின்னும். ஆகவே நேரம் கூடக்கூடக் கோடு ஆழமும் அகலமும் பெறும். ஆழமான கோட்டில் மை அதிகம் தங்கும், அச்சில் கறுப்பு அதிகமாகும். ஒரே தகட்டில் பலமுறை இப்படிச் செய்து, காற்றில் கரையும் தொலைவையும் கண்முன் வந்து மோதும் பாறையையும் அவர் ஒரே தாளில் கொண்டுவந்தார். நிழலின் ஆழம் அமிலத்தில் கிடந்த நேரத்தின் ஆழம்.

இவ்வளவும் இடவலம் மாற்றிச் செய்தாக வேண்டும். தகட்டில் இடப்பக்கம் இருப்பது தாளில் வலப்பக்கம் விழும். படத்தின் கீழே வரும் நீண்ட இத்தாலிய விளக்கங்களையும் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பி எழுத வேண்டும். அவர் முழுமையாக முடித்த முன்வரைவுகளை அதிகம் செய்துவைப்பதில்லை. பல காட்சிகளுக்குக் கிடைத்திருப்பவை விறுவிறுவென்று இழுத்த சிவப்புச் சுண்ணக் கோடுகள்தாம். முழு வரைபடம் தகட்டிலேயே பிறந்தது.

அச்சிடுவது தனி வித்தை. எவர்சில்வர் பாத்திரத்தில் பொறித்த பெயரின் பள்ளத்தில் கறுப்பு ஏறிக்கொண்டு, மேற்பரப்பு மட்டும் துலங்குமே, அதே இயல்புதான் இதற்கும் அடிப்படை. கரித்தூளைக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயில் குழைத்த கெட்டி மையைத் தகடு முழுவதும் தேய்த்து, பிறகு துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் துடைப்பார்கள். பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். அதன்மேல் ஈரக் காகிதத்தையும் கம்பளத் துணிகளையும் போட்டு இரண்டு உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்தால், காகிதம் கோடுகளுக்குள் புகுந்து மையைத் தூக்கிக்கொண்டு வரும்.

காகிதம் ஏன் ஈரமாக இருக்க வேண்டும்? செல்லுலோஸ் நார்கள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகியிருக்கின்றன. நீர் மூலக்கூறுகள் இடையில் புகுந்தால் அந்தப் பிடி தளர்ந்து, நார் வீங்கி மென்மையாகும். மயிரிழைக் கோட்டுக்குள்ளும் நுழையும். காய்ந்ததும் பிணைப்புகள் மறுபடி இறுகி, காகிதம் பள்ளத்தின் அச்சை மேடாகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் உண்மையான எட்சிங் தாளைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக் கோடுகள் சிறு வரப்புகளாக எழுந்து நிற்பது தெரியும். காயும்போது காகிதம் சுருங்கவும் செய்யும். ஒரே தகட்டிலிருந்து எடுத்த இரண்டு பிரதிகள் சில மில்லிமீட்டர் வேறுபட்டால் அது போலியின் அடையாளம் அல்ல, காகிதத்தின் இயற்பியல்.

பிரானேசியின் காகிதம் கந்தல் லினன் துணியிலிருந்து செய்தது. அதில் லிக்னின் மிகக் குறைவு, ஒட்டுக்கு விலங்குப் பசை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் மரக்கூழ்க் காகிதமும் படிகாரம் சேர்ந்த ஒட்டும் வந்தபின், காகிதத்துக்குள்ளேயே அமிலம் உருவாகி நார்ச் சங்கிலிகளை வெட்டத் தொடங்கியது. 1900-இல் அச்சிட்ட நாளிதழ் தொட்டால் நொறுங்குகிறது; 1760-இல் இழுத்த பிரதி இன்னும் வளைகிறது. மையும் அப்படியே. கரி ஒளியில் வெளுக்காது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாகி உலர்வதில்லை, காற்றின் ஆக்சிஜனை வாங்கி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திடப்பொருளாகிவிடுகிறது.

ஆனால் செம்பு நிரந்தரமல்ல. ஒவ்வொரு முறை துடைக்கும்போதும், ஒவ்வொரு முறை உருளைக்கடியில் போகும்போதும் பள்ளத்தின் விளிம்பு தேயும். மெல்லிய கோடுகள் முதலில் மங்கும். வானம் வெளுக்கும், தொலைவுக் குன்று காணாமல் போகும், முன்பக்கத்து ஆழ நிழல்கள் மட்டும் முரட்டுத்தனமாக நிற்கும். கலைஞர் மீண்டும் ஊசியையும் உளியையும் எடுத்துத் தகட்டைத் திருத்துவார். ஆகவே ஒரே காட்சிக்குப் பல நிலைகள் உண்டு. தேதியிடும் வேலை இங்கே தொடங்குகிறது. ‘ரோம் காட்சிகள்’ வரிசையின் தொடக்ககாலத் தாள்களில் பதிப்பாளர் பூஷாரின் முகவரி இருக்கும். 1761-ஐ ஒட்டிப் பிரானேசி ஸ்ட்ராடா ஃபெலிச்சே தெருவில் தொமாத்தி மாளிகையில் சொந்தக் கடை போட்டபின், அவருடைய முகவரியும் இரண்டரை பவோலி என்ற விலையும் தகட்டில் ஏறின. பிறகு விலை அழிந்தது, மூலையில் எண் வந்தது. இவற்றையெல்லாம் வரிசைப்படுத்தி ஆர்தர் ஹைண்ட் 1922-இல் வெளியிட்ட பட்டியலை இன்றும் அருங்காட்சியகங்கள் கையில் வைத்திருக்கின்றன. காகிதத்தை விளக்கில் பிடித்தால் தெரியும் நீர்க்குறி இன்னொரு சாட்சி. ரோமில் எடுத்த பல பிரதிகளில் இரட்டை வட்டத்துக்குள் ஒரு லில்லி மலர் தெரியும்.

பிரானேசி இறந்தபின் பிள்ளைகள் 1799-இல் தகடுகளைப் பாரிசுக்குக் கொண்டுபோனார்கள். 1830-களில் அங்கே ஃபிர்மேன் திதோ பதிப்பகம் பெரிய மறுபதிப்பு கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் போப் பதினாறாம் கிரிகோரி தகடுகளை வாங்கி ரோமுக்குத் திருப்பினார். இன்று அவை திரேவி நீரூற்றின் பின்புறம் உள்ள அரசு அச்சுக்கலை நிறுவனத்தில் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் அவற்றுக்கு எஃகுப் பூச்சு ஏற்றினார்கள். இரும்பு உப்புக் கரைசலில் செம்புத் தகட்டை எதிர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால், சில மைக்ரான் தடிப்பில் இரும்புப் படலம் படியும். தேய்மானம் அதோடு நிற்கும். படலம் தேய்ந்தால் கரைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். அதனால் பிரானேசி இறந்து நூறு ஆண்டுக்குப் பிறகும் அவருடைய தகட்டிலிருந்து பிரதிகள் வந்துகொண்டே இருந்தன. சுருக்கமாக, “பிரானேசியின் அசல்” என்று ஒருவர் காட்டும் தாள் 1755-இல் அவர் பார்த்து இழுத்ததாகவும் இருக்கலாம், 1890-இல் அரசு அச்சகத்தில் இழுத்ததாகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே செம்பிலிருந்து வந்தவைதாம். முதல் தாளில் காற்றே தெரியும். பின்னதில் கல் மட்டும்.

சரி, இந்தத் தாள்கள் ரோமைப் பற்றி என்ன சொல்கின்றன?

முதலில் மண். 18-ஆம் நூற்றாண்டு ஃபோரத்தை வரைந்த எந்தப் படத்தைப் பார்த்தாலும் மாடுகள் நிற்கும். ரோமானியக் குடியரசின் இதயமாக இருந்த இடம் மாட்டுச் சந்தையாகிவிட்டிருந்தது. செவெரஸின் வெற்றி வளைவு தரைக்குள் புதைந்திருக்கும். பக்க வாசல்களின் மேற்பகுதிதான் வெளியே. பக்கத்திலேயே மூன்று தூண்கள், மண்ணுக்குமேல் கொஞ்சமே தலைநீட்டிக்கொண்டு. இடியிறைவன் ஜுபிட்டர் கோவில் என்று பிரானேசி காலத்தவர் அதை அழைத்தார்கள். அது வெஸ்பாசியன் கோவில்; தூணின் முழு உயரம் 15 மீட்டர். தைபர் ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டல், இடிந்த கட்டடங்களின் கழிவு, நகரத்தார் கொட்டிய குப்பை எல்லாம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் சேர்ந்து தரையை உயர்த்தியிருந்தன. வளைவைச் சுற்றி 1803-இல் தோண்டினார்கள். மூன்று தூண்களைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1810-ஐ ஒட்டி, அடிவரை வெளிக்கொண்டுவந்தார்கள். தூணின் எந்த அலங்காரம் மண்மட்டத்துக்கு மேலே தெரிகிறது என்று படத்தில் பார்த்து, இன்று நிற்கும் தூணில் அதே இடத்தை அளந்தால், அன்றைய தரைமட்டம் கிடைத்துவிடும். 1530-களின் ஹேம்ஸ்கெர்க், 1575-இன் டூபெராக், 1750-களின் பிரானேசி ஆகியோரை இப்படி வரிசையாக வைத்தால் ஒரு நகரம் புதைந்த வேகத்தைப் பின்தொடரலாம். அதே ஃபோரத்தில் ஒற்றைத் தூண் ஒன்று பேரில்லாமல் நின்றது. யாருடையது என்று நூற்றாண்டுகளாக ஊகித்தார்கள். 1813-இல் அடிப்பீடத்தைத் தோண்டியபோதுதான் கல்வெட்டு வெளிப்பட்டது: கி.பி. 608-இல் ஃபோகாஸ் பேரரசருக்கு எடுத்தது. பிரானேசியின் படத்தில் அந்தப் பீடம் இல்லாததற்குக் காரணம் அவருடைய கவனக்குறைவு அல்ல. அது மண்ணுக்கடியில் கிடந்தது.

அடுத்தது கொலோசியம். அதன் வெளிவளையத்தின் தென்பகுதி 1349 நிலநடுக்கத்தில் சரிந்தது. வடபகுதி கெட்டியான நிலத்திலும் தென்பகுதி பழைய நீரோடையின் வண்டலிலும் நிற்கின்றன. வண்டல் அதிர்வைப் பெரிதாக்கும். அதனால் சரிவு ஒருபக்கமாக நடந்தது. 1703-இல் இன்னொரு நிலநடுக்கம் மேலும் சில வளைவுகளை வீழ்த்தியது. அந்தக் கற்கள் தைபர் கரையில் ரிப்பெத்தா துறைமுகம் கட்டப் போயின. வெளிவளையம் அறுபட்டு நிற்கும் இரு முனைகளையும் இன்று செங்கல் முட்டுச் சுவர்கள் தாங்குகின்றன. கிழக்கு முட்டுச் சுவரை 1807-இல் கட்டடக் கலைஞர் ஸ்டெர்ன் முடித்தார். மேற்கு முட்டுச் சுவரை 1820-களில் இன்னொரு கட்டடக் கலைஞர் வலாதியேர் கட்டினார். முட்டு இல்லாமல் பற்கள்போல் நீட்டிக்கொண்டிருந்த உடைந்த விளிம்பை அறிய 18-ஆம் நூற்றாண்டு அச்சுப்படங்கள்தாம் வழி. எந்தக் கல் எந்தக் கல்லுக்குமேல் தொங்கியது என்று பார்க்கும் கட்டமைப்புப் பொறியாளருக்கு இது அலங்காரப் படம் அல்ல.

கொலோசியத்தின் சுவரெங்கும் அம்மைத்தழும்புபோல் துளைகள். கல்லோடு கல்லைப் பிணைத்த இரும்புக் கொக்கிகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துவிட்டார்கள். மொத்தம் சுமார் 300 டன் இரும்பு இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. பிரானேசி இந்தத் துளைகளை விடாமல் பதித்திருக்கிறார். பளிங்கு உரிந்த சுவர்களில் உள்ளே தெரியும் கான்கிரீட்டையும், அதில் புதைந்த உடைகற்களின் அடுக்கையும் அவர் காட்டுவதைப் பார்த்தால் கல்தச்சரின் மகன் என்பது புரியும். ஆப்பிய நெடுஞ்சாலையில் உள்ள, சிசிலியா மெத்தெல்லா என்ற ரோமானியப் பெண்ணின் கல்லறையை வரைந்தபோது அவர் கட்டட வெளித்தோற்றத்தோடு நிற்கவில்லை. அந்தப் பெரிய டிராவர்டைன் கற்களைத் தூக்கிய விதத்தையே ஒரு தகட்டில் விளக்கினார்: கல்லின் மேற்புறத்தில் வாய் குறுகி அடி அகன்ற ஒரு குழி, அதற்குள் துண்டுதுண்டாக நுழைத்து விரிக்கும் இரும்பு ஆப்பு, மேலே இழுக்கும்போது ஆப்பு குழியின் சரிந்த பக்கங்களை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். எடை கூடினால் பிடியும் கூடும். ‘ரோமானியத் தொன்மைகள்’ நூலில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான். பழமையைக் கண்டு பெருமூச்சுவிடாமல், “இதை எப்படிச் செய்தார்கள்?” என்று அவர் கேட்கிறார்.

செடிகளும் தரவுகளே. கொலோசியத்தில் முளைத்தவற்றை 1643-இல் தொமெனிக்கோ பனரோலி பட்டியலிட்டார்: 337 இனங்கள். 1855-இல் ஆங்கிலேய மருத்துவர் ரிச்சர்ட் டீக்கின் எண்ணியது 420. இத்தாலி ஒன்றுபட்ட பிறகு, 1870-களில், சுவர்களைக் காக்க வேண்டி எல்லாவற்றையும் வேரோடு களைந்தார்கள். பிரானேசியின் படங்களில் வளைவின் உச்சியில் ஆடும் புதர்களைக் கற்பனை அழகூட்டல் என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியல்களைப் பார்க்க வேண்டும். இனத்தைப் பிரித்தறியும் அளவுக்கு அவர் செடியை வரையவில்லை; ஆனால் வேர் எந்த மட்டத்தில் பிடித்தது, ஈரம் எங்கே தங்கியது என்பதை அந்தப் புதர்கள் காட்டுகின்றன.

இவ்வளவு சொன்னபின் அவர் எங்கே மிகைப்படுத்துகிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரானேசியின் படங்களைப் பார்த்துவிட்டு ரோம் வந்த பலர் ஏமாந்தார்கள். கரகல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகள், பிரானேசி ஊட்டியிருந்த எதிர்பார்ப்பை நேரில் நிறைவு செய்யவில்லை என்ற பொருளில் ஜெர்மன் கவிஞர் கதேயே எழுதியிருக்கிறார். இதற்கு வடிவியல் விளக்கம் உண்டு. தொலைவையும் ஆழத்தையும் வடிவியல்படி காட்டும் ஒரு படத்தைச் சரியாகப் பார்க்க ஒரே ஒரு இடம்தான் உண்டு. வரைந்தவரின் கண் தாளுக்கு முன் எந்தத் தூரத்தில் இருந்ததாகக் கணக்கிட்டாரோ அந்த இடம். 70 சென்டிமீட்டர் அகலத் தாளில் 90 பாகைக் காட்சியை அடக்கினால், அந்த இடம் தாளிலிருந்து 35 சென்டிமீட்டரில் விழும். நாமோ சுவரில் மாட்டி ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறோம். அப்போது ஆழம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு நீண்டதாகக் கண்ணுக்குப் படும். மண்டபம் முடிவில்லாமல் ஓடும். பிரானேசி அகன்ற கோணங்களை விரும்பியவர்; இளமையில் நாடகமேடைக் காட்சி அமைப்பும் பயின்றவர். இந்த விளைவு அவருக்குத் தெரியாமல் நேர்ந்ததல்ல.

இன்னொரு உத்தி மனித உருவம். சமதரையில் நின்று வரைந்த படத்தில், அருகில் நிற்பவர் தொலைவில் நிற்பவர் எல்லாருடைய தலையும் ஏறக்குறைய அடிவானக் கோட்டிலேயே அமைய வேண்டும். வரைந்தவரின் கண்மட்டமும் அதுதான். அடிவானக் கோட்டைக் கண்டுபிடித்து, அது கட்டடத்தை வெட்டும் இடத்தைக் குறித்துக்கொண்டால், தரையிலிருந்து அந்த இடம்வரை ஒரு கண்மட்டம், அதாவது சுமார் ஒன்றரை மீட்டர். அதை வைத்து மொத்த உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பிரானேசியின் மனிதர்கள் பலர் இந்தக் கணக்குக்கு அடங்கமாட்டார்கள். கையை வீசிக்கொண்டு, கந்தல் உடுத்தி, கற்களுக்கிடையில் அலையும் அந்தச் சின்னஞ்சிறு உருவங்கள் இருக்க வேண்டியதைவிடச் சிறியவை. அதனால் கல் வளர்கிறது. சந்த் ஆஞ்சலோ கோட்டைக்கு அவர் வரைந்த அடித்தளம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. நிலத்துக்கடியில் மலைபோன்ற கல்லடுக்குகள், ராட்சத முட்டுகள். அவர் கண்டதும் ஊகித்ததும் அதில் கலந்திருக்கின்றன. வெனிஸ் நீர்த்துறைப் பொறியாளரின் மருமகன், ஆற்றங்கரையில் இவ்வளவு எடையை நிறுத்த எவ்வளவு ஆழம் வேண்டியிருக்கும் என்று தனக்குத்தானே விடைசொன்ன படம் அது.

துல்லியம் வேண்டுபவர் அந்துவான் தெகோதேயிடம் போக வேண்டும். ரோமுக்குக் கடல்வழியாக வரும்போது கொள்ளையரிடம் சிக்கிச் சிறைப்பட்டு, விடுதலையாகி, பிறகும் வந்து ஒவ்வொரு தூணையும் அளந்த பிரெஞ்சுக்காரர் அவர். 1682-இல் வெளியான அவருடைய நூல், கட்டடக் கலைஞர் பல்லாடியோ போன்ற முன்னோரின் அளவுகளில் இருந்த பிழைகளைத் திருத்தியது. அவருடைய தகடுகளில் மனிதர் கிடையாது, செடி கிடையாது. விகிதம் வேண்டுமென்றால் தெகோதே. பொருள் எப்படிச் சிதைந்திருந்தது என்று தெரிய வேண்டுமென்றால் பிரானேசி. இருவரையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கட்டடம் முழுதாகக் கிடைக்கும். ஒருவரை நேர்மையானவர், மற்றவரைப் பொய்யர் என்று பிரிப்பது இருவருக்கும் அநியாயம்.

இன்று சுவரில் தொங்கும் நகலுக்கு வருவோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017-இலிருந்து பொதுவுடைமைப் படங்களைக் கட்டுப்பாடில்லாமல் தருகிறது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகமும் தாராளமாகத் தருகிறது. ஆகவே நல்ல நகல் எடுப்பது முன்னைவிட எளிது. தடை கோட்டின் மெலிவில் இருக்கிறது. எட்சிங்கின் மிக நுண்ணிய கோடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் வருடினால் ஒரு புள்ளி 0.042 மில்லிமீட்டர்; கோட்டுக்கு இரண்டு புள்ளிதான் தேறும். அங்குலத்துக்கு 200 புள்ளிகள் கொண்ட கோப்பைப் பெரிதாக்கி அச்சிட்டால் வானத்தின் கோடுகள் கலந்து சாம்பல் புகையாகிவிடும். விலை மலிவான நகல்கள் பலவற்றில் நடப்பது இதுதான்.

வாங்குமுன் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி ஒன்றைக் கொண்டு போங்கள். ஆஃப்செட் அச்சு என்றால் கறுப்புக் கோடு சீரான புள்ளி வரிசையாகச் சிதறும். இன்க்ஜெட் என்றால் கோட்டோரத்தில் நுண்துளிகள் ஒழுங்கின்றித் தெறித்திருக்கும். செம்பிலிருந்து வந்த தாளில் புள்ளியே இருக்காது. கோடு முழுக் கறுப்பாக, ஓரம் அமிலம் தின்றதால் லேசாகச் சொரசொரத்து, மேடாக நிற்கும். தாளின் நான்கு பக்கமும் தகட்டின் விளிம்பு பதிந்த பள்ளம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதை மட்டும் நம்பிவிடாதீர்கள், வெறும் தகட்டை அழுத்திப் போலிப் பள்ளம் உண்டாக்குவது எளிது. கோட்டின் மேட்டைப் போலியாக உண்டாக்குவதுதான் கடினம். இன்க்ஜெட் நகலை வாங்குவதில் தவறொன்றும் இல்லை. நிறமித்துகள் மையும் பருத்திக் காகிதமும் கொண்டு, போதிய நுணுக்கமுள்ள கோப்பிலிருந்து எடுத்தது என்றால் நன்றாக நிற்கும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: எந்த அருங்காட்சியகத்தின் எந்தப் பிரதியிலிருந்து, தகட்டின் எந்த நிலையிலிருந்து இந்தக் கோப்பு எடுக்கப்பட்டது? எஃகுப் பூச்சுக்குப் பிந்தைய தேய்ந்த பிரதியை எவ்வளவு நன்றாக வருடினாலும், 1750-களில் பிரானேசி வரைந்த மேகங்கள் அதில் வரப்போவதில்லை.